பன்றிக் கொழுப்புக்கு ஒரு வக்காலத்து

முதல்லயே சொல்லிடறேன், பைன்னா துணிப்பை இல்ல. அமெரிக்காவுல ஆப்பிள், செர்ரி மாதிரி பழத்தை உள்ளே வைத்து ஓவனில் சுடும் பலகாரம். பழத்தைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து எதுவும் கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் மாவு ஓடு, அதாவது கிரஸ்ட், அதுதான் என் விஷயம். முள்கரண்டி பட்டதும் அது ஏடு ஏடாக உதிரணும். அதற்கு ஏற்ற பொருள் லார்டு: உருக்கி வடிகட்டிய பன்றிக் கொழுப்பு. சமையலில் ஜெயித்த இந்தப் பொருள் அமெரிக்க அடுப்படியில் விளம்பரத்திடம் தோற்றுப்போனது என்பதுதான் என் கட்சி.

நம்ம பரோட்டா மாஸ்டரை நினைச்சுக்கோங்க. மாவை அடிச்சு, இழுத்து, வீசறாரே, எதுக்கு? மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் வலையாகணும், கிழியாம விரியணும். பை கிரஸ்டுக்கு அந்த வலைதான் எதிரி. அதனால 3 பங்கு மாவு, 2 பங்கு கொழுப்பு, 1 பங்கு ஐஸ் தண்ணீர்னு எடை போட்டு எடுத்து, ரொம்பப் பிசையாம, கொழுப்பைப் பட்டாணி அளவு துண்டுகளாவே மாவுக்குள்ள விட்டுடறாங்க. தேய்க்கும்போது அந்தத் துண்டுகள் நசுங்கி மாவுக்கு நடுவுல தகடு தகடா படியும். ஓவன் சூட்டில் தகடு உருகும், அந்த இடம் காலியாகும், நீராவி அதைத் தூக்கிப் பிடிக்கும். அதற்குள் மாவு வெந்து இறுகிடும். ஏடு ரெடி.

கொழுப்பு அவசரப்பட்டு உருகிட்டா கதை முடிஞ்சுது. வெண்ணெய் 32-35 டிகிரியிலேயே இளகிடும் (மே மாசத்துல நம்ம ஹாஸ்டல் ரூமே அவ்வளவு இருக்கும்). போதாததுக்கு அதில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர் வேற. லார்டில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அதிலும் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பில் எடுக்கிற 'லீஃப் லார்டு' இன்னும் கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும். லார்டின் படிகங்கள் பெரிசு, கொரகொரப்பானவை. கேக்குக்கு அது ஆகாது, காற்றைப் பிடிச்சு வைக்க நுண்ணிய படிகம் வேணும். கிரஸ்டுக்கோ அதே குணம்தான் வரம். மைக்ரோஸ்ட்ரக்சர்தான் குணத்தைத் தீர்மானிக்கும்னு மெட்டீரியல் சயின்ஸ் எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணோமே, அது இதுதான் பாஸ். வாசனையில வெண்ணெய்தான் ராஜா, அதை மறுக்கல. ரெண்டையும் பாதிப் பாதி கலக்கிறவங்க புத்திசாலிங்க.

அப்புறம் எப்படி லார்டு ஓரங்கட்டப்பட்டது? 1906ல் அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் சிகாகோ இறைச்சி ஆலைகளின் அசுத்தத்தைச் சொன்னதும் ஆலை லார்டு மேல சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம். 1911ல், சோப்பும் மெழுகுவர்த்தியும் வித்து வளர்ந்த ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கிரிஸ்கோவை இறக்கினாங்க. பருத்திக்கொட்டை எண்ணெயில் நிக்கல் வினையூக்கி வைத்து ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கினது. ஸ்கூல் கெமிஸ்ட்ரியில் படிச்ச அதே வினை, நம்ம ஊர் டால்டாவுக்கு அண்ணன். சில வருஷத்துல 615 சமையல் குறிப்போட புத்தகமே போட்டாங்க. பன்றியைத் தொடாத யூதக் குடும்பங்களுக்கு கிரிஸ்கோ நிஜமாவே உதவிச்சு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா மத்தவங்களுக்குப் போன செய்தி வேற: இது வெண்மை, தூய்மை, நவீனம். லார்டு பட்டிக்காடு ஆயிடுச்சு.

எண்ணெயில் அரைகுறையா ஹைட்ரஜன் ஏற்றினா டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும். இதயத்துக்கு அது லார்டைவிட மோசம். 2015ல்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அப்படிப்பட்ட எண்ணெய்களைப் பாதுகாப்பானதா இனி ஏத்துக்க முடியாதுன்னு அறிவிச்சுது. அதுக்கு முன்னாடியே கிரிஸ்கோ தன் ஃபார்முலாவை மாத்திக்கிச்சு. இந்தியாவுல 2 சதவீத உச்சவரம்பு வந்தது 2022 ஜனவரியில். கணக்குப் போட்டுப் பாருங்க, நூறு வருஷத்துக்கு மேல.

லார்டு ஒண்ணும் மருந்து இல்ல. அதுலயும் 40 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. நன்றி தெரிவிக்கும் திருநாள் அன்னைக்கு ஒரு துண்டு பை சாப்பிடறதுக்குத்தான் இந்த வக்காலத்து, தினமும் டிபனுக்கு இல்ல. மதத்துக்காகவோ சைவம்ங்கிறதாலயோ தொடாதவங்களோட எனக்கு வாதமே கிடையாது, அந்தக் காரணம் ஸ்பெக் ஷீட்டில் அடங்காது. "அய்யே, பன்றிக் கொழுப்பா!"ன்னு மூஞ்சி சுளிச்சுட்டு, டின்ல என்ன இருக்குனு பார்க்காமலே வாங்கறவங்களோடதான் என் சண்டை.

பஃப்ஸ் கூட இதே மாதிரி மாவுக்கும் கொழுப்புக்கும் நடுவுல நடக்கிற அடுக்கு வேலைதான். அடுத்த தடவை பஃப்ஸ் வாங்கும்போது பேக்கரி அண்ணன்கிட்ட என்ன கொழுப்பு போடறாருன்னு கேளுங்க. டப்பாவைக் காட்டினார்னா முன்பக்கப் படத்தை விட்டுடுங்க, பின்பக்கம் சின்ன எழுத்துல டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவுன்னு போட்டிருக்கும்.