இஸ்திரிச் சட்டையும் ஜோல்னாப் பையும்

புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். மண்டியில் பழத்தைப் பார்த்துத்தான் விலை. கொண்டுவந்தவன் சட்டையைப் பார்த்தல்ல. இந்த ஊரில்தான், ஒரு கல்யாண மண்டபத்தில், வேலை தேடும் பையன்களுக்குத் ‘தொழில்முறைத் தோற்றம்’ பற்றி ஒருநாள் வகுப்பு நடந்தது. வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

வகுப்பு எடுத்தவர் கழுத்தில் டை. நம்மைப் பிறர் மதிப்பதில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடம்புக்கு 55 என்று கரும்பலகையில் எழுதினார். பையன்கள் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். இந்தக் கணக்கு ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் செய்த சோதனைகளிலிருந்து பிய்த்தெடுத்தது. ஒலிநாடாவில் ஒற்றைச் சொற்கள், சில முகங்களின் புகைப்படங்கள். சொன்னவருக்குப் பிரியமா வெறுப்பா என்று ஊகிக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை. உணர்வையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லிவிட்டார். உடம்பை விரித்து அதிகாரத் தோரணையில் இருந்தால் ஹார்மோனே மாறும் என்று 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. 2015-ல் 200 பேரிடம் திரும்பச் செய்து பார்த்தபோது ஹார்மோன் அசையவில்லை. முதல் ஆய்வை எழுதிய மூவரில் ஒருவரான டேனா கார்னி 2016-ல் தனக்கே அதில் நம்பிக்கையில்லை என்று பகிரங்கமாக எழுதினார். செய்தி நம் ஊர் டைகளுக்கு இன்னும் எட்டவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் சௌகரியம். டை கட்டியவனைக் கேலி செய்வது நமக்குக் கைவந்த கலை. ஆனால் அந்த மண்டபத்தில் எனக்கு வேறொன்று உறைத்தது.

உடல்மொழி இங்கே இறக்குமதிச் சரக்கல்ல. தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கு, செருப்பைக் கையில் தூக்கு, குனிந்து நில், கண்ணைப் பார்க்காதே — இது இந்தச் சீமையில் தலைமுறைகளாக அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளக் கலகம் செய்தார்கள். 1859-ல் வந்த பிரகடனம்கூட, உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. துண்டைக் கக்கத்தில் வைத்தவரின் பேரனிடம் ‘நிமிர்ந்து நில், கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று ஒருவர் சொல்லும்போது, சொல்பவர் நினைத்ததைவிடப் பெரிய வார்த்தை அது. பையன் அதைக் காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் சட்டையைத் துறந்தார். அம்பேத்கர் கோட்டும் சூட்டுமாகவே நின்றார். இரண்டும் அரசியல்தான். ஆனால் கழற்றுவது பெருமையாவது, போட்டுக்கொள்ள யாரும் தடுக்காதவனுக்கு மட்டுமே. இதை மறந்து எளிமையைப் போதிப்பவர்களிடம் எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்படியானால் வகுப்பில் என்ன கோளாறு? அது பரீட்சை எழுதுகிறவனையே திருத்துகிறது. தாள் திருத்துகிறவனைத் தொடுவதேயில்லை. 2014-ல் சென்னையில் வேட்டி கட்டிப்போன உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு சட்டம் வந்தது. வேட்டியைத் தடுத்தால் ஓராண்டுச் சிறை, 25,000 ரூபாய் அபராதம். நீதிபதியைத் தடுத்ததால் சட்டம் வந்தது. நேர்முகத் தேர்வு மேஜையில் பையனின் செருப்பைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேள்வி கேட்காமல் அனுப்புகிறவருக்கு எந்தச் சட்டமும் இல்லை, எந்த மண்டபத்திலும் வகுப்பு இல்லை.

இனி நம் விஷயம். நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

சில மாதங்களுக்கு முன், பக்கத்து ஊரில் நம்முடைய கவிதைக் கூட்டம் ஒன்றில், முழுக்கைச் சட்டையை ‘இன்’ பண்ணி, ஷூ போட்டு, தலையைப் படிய வாரிய ஒரு இளைஞர் நான்கு கவிதைகள் வாசித்தார். முடித்ததும் நம்மில் ஒருவர் ‘இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மாதிரி இருக்கான்’ என்றார். சிரித்தோம். நானும் சிரித்தேன். கவிதைகளைப் பற்றி ஒரு வார்த்தை நடக்கவில்லை. அவர் மறுபடி வரவில்லை.

பிராகில் விபத்து இன்சூரன்ஸ் அலுவலகத்தில் காஃப்கா வேலை பார்த்தார். வாலஸ் ஸ்டீவன்ஸ் 1934-ல் ஹார்ட்ஃபோர்டில் இன்சூரன்ஸ் கம்பெனியின் துணைத்தலைவர். எலியட் 1917 முதல் எட்டாண்டு லாயிட்ஸ் வங்கி குமாஸ்தா. இவர்களை நாம் படித்திருக்கிறோம், மேற்கோள் காட்டுகிறோம். நம் கூட்டத்துக்கு வந்திருந்தால் சிரித்திருப்போம்.

நமது கசங்கிய ஜிப்பா, ஜோல்னாப் பை, தாடி, பதில் சொல்லுமுன் ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை — இதற்கும் ‘தொழில்முறைத் தோற்றம்’ என்றுதான் பெயர். டைக்காரர் தன் வித்தையை வித்தை என்று சொல்லிக் காசு வாங்குகிறார். நாம் அதையே சுயம் என்கிறோம். பிரதியைத் தவிர வேறெதுவும் பொருட்டல்ல என்று பக்கம் பக்கமாக எழுதிய நாம்தான் அன்று சட்டையைப் பார்த்து மதிப்புரை எழுதினோம்; 55 சதவீதக் கணக்கை அந்த டைக்காரரைவிட விசுவாசமாகக் கடைப்பிடித்தோம்.

அந்த நான்கு கவிதைகள் நன்றாக இருந்தனவா? தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.