கைக்கோளரும் பியூனும்

எங்கள் சாதிச் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கையில் வாளோடு ஒரு வீரன், பின்னால் தஞ்சைப் பெரிய கோயில், 'நாம் சோழர் படை' என்று தங்க எழுத்து. அனுப்பிய அண்ணன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்கிறவர். பாவும் ஜரிகையும் முதலாளியுடையவை. முன்பணக் கடன் மட்டும் அண்ணனுடையது.

படத்தில் இருப்பது முழுப் பொய்யும் அல்ல. சோழர் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்று படைப்பிரிவுகள் வருகின்றன. தெரிஞ்ச என்றால் தேர்ந்தெடுத்த. பிறகு அந்தப் பெயர் நெசவுச் சாதியின் பெயராக நின்றுவிட்டது. விஜயநகரக் காலத்தில் காஞ்சிக் கைக்கோளருக்குப் பல்லக்கும் சங்கும் உரிமை. அதைக் காட்டி வேறு ஊர்க் கைக்கோளரும் கேட்டு வாங்கினார்கள். சங்கு ஊதுவது ஒருவருக்கு உரிமை என்றால், ஊதக்கூடாதவர்கள் என்று வேறு சிலர் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

காலாளைக் குறித்த எல்லாச் சொல்லுக்கும் இந்த வாழ்வு வாய்க்கவில்லை. 'சேவகன்' ஒரு காலத்தில் வீரன், இன்று ஏவலாள். 'பியூன்' என்பதன் வேர் போர்த்துகீசியச் சொல். அங்கே அதற்குக் காலாள் என்று பொருள். சதுரங்கச் சிப்பாய்க்கும் அதே பெயர்தான். இங்கே மணி அடித்தால் டீ கொண்டு வருகிறவர். அரசு 'அலுவலக உதவியாளர்' என்று மாற்றிப் பார்த்தது. கூப்பிடுகிறவர்கள் வாய் மாறவில்லை.

போருக்குப் போனதால்தான் பெருமை என்றால், பறையர்களுக்கு அது எங்கே? கம்பெனியின் சென்னைப் படையில் அவர்கள் இருந்தார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் கணிசமாகவே இருந்தார்கள். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் மகர்கள் நின்றார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ஒரு சுபேதார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குடிகள்' என்று வெள்ளைக்காரன் ஒரு பட்டியல் போட்டான், மகர்களுக்குக் கதவடைத்தான். பறையர் தூக்கிய துப்பாக்கி அவர்கள் பெயரின் பொருளை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. ஊரில் அது வசவாகவே இருந்தது. ஆங்கில அகராதிக்குள் போயும் 'ஒதுக்கப்பட்டவன்' என்றே ஆனது. வாள் ஒன்றுதான். நிலமும் கோயிலும் தெருவும் யாரிடம் இருந்தனவோ, அவர்கள்தான் சொல்லுக்குப் பொருள் எழுதினார்கள்.

இதைக் குழுவில் எழுதினேன். "நம்ம பெருமையில ஏன்டா அவங்கள இழுக்கிற?" என்று கேட்டார் அண்ணன். அவர் தறியில் இப்போது கோர்வைச் சேலை ஓடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள ஆள் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மிச்சத்தை அங்கே பேச வேண்டும்.