பெயர்ப்பலகை மாறலாம், விருந்தினர் மனம்?

ஹோட்டல் ஒன்றின் பெயர் யாருக்குச் சொந்தம்? அதைப் பதிவுசெய்து வைத்திருப்பவருக்கே சொந்தம் என்று சட்டம் சொல்லும். அதில் எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. ஆயினும், இருபது வருடங்களாக ஒரே வாசலால் உள்ளே போய், ஒரே மூலை மேசையில் தேநீர் அருந்தி, மகளின் கல்யாணப் பேச்சையும் அங்கேயே முடித்துக்கொண்ட ஒருவருக்கு அந்தப் பெயரில் எந்தப் பாத்தியதையும் இல்லையா? ஹோட்டல் முதலாளிமார் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அவர்களுக்கு ஆலோசனை கூறும் சந்தைப்படுத்தல் நிபுணர்கள் கேட்கவிடுவதும் இல்லை.

கொழும்பை எடுத்துக்கொள்வோம். 1970களில் எழுந்த சிலோன் இன்டர்கொன்டினென்டல், பின்னர் சிலோன் கொன்டினென்டல் ஆகி, ஹேலீஸ் குழுமத்தின் கீழ் கிங்ஸ்பரி ஆயிற்று. லங்கா ஒபரோய் 2003இல் ஜோன் கீல்ஸ் வசமாகி, சிறிது காலம் கொழும்பு பிளாஸா என்றிருந்து, 2005இல் சினமன் கிராண்ட் ஆயிற்று. பேர வாவிக் கரையிலிருந்த ரமடா ரினைசன்ஸ், ட்ரான்ஸ் ஏசியா ஆகி, அதன்பின் சினமன் லேக்சைட் ஆயிற்று. மெரிடியன் தனது பிரெஞ்சுப் பெயரை உதிர்த்துவிட்டுக் கலதாரியாக நின்றது. ஹொலிடே இன் என்றிருந்தது பின்னொரு காலத்தில் ரமடா ஆயிற்று. அதாவது, ரமடா என்ற பெயர் நகரின் ஒரு கட்டடத்திலிருந்து இறங்கி, பல வருடங்களின் பின் வேறொரு கட்டடத்தின்மேல் ஏறிக்கொண்டது. எண்பதுகளின் இறுதியில் நாட்டைவிட்டுப் போன ஒருவர் திரும்பி வந்து, தாம் அறிந்த ‘ரமடா’வுக்குப் போகவேண்டும் என்று சொன்னால் எங்கே போய் இறங்குவார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனை மாற்றங்களும் விருந்தினரின் நன்மைக்காகவே என்று அறிக்கைகள் சொல்கின்றன. உண்மை வேறு. பெரிய ஹோட்டல் ஒன்றுக்குப் பெரும்பாலும் மூன்று தரப்பினர் இருப்பர். கட்டடத்தின் உரிமையாளர் ஒருவர். அதை நடத்தும் முகாமைத்துவக் கம்பனி மற்றொன்று. வாசலில் தொங்கும் வர்த்தகநாமத்துக்குச் சொந்தக்காரர் மூன்றாமவராகவும் இருக்கலாம். உலகின் மிகப் பெரிய ஹோட்டல் கம்பனிகள் தமது பெயரைத் தாங்கும் கட்டடங்களில் மிகச் சிலவற்றையே சொந்தமாக வைத்திருக்கின்றன. அவை பிரதானமாக விற்பது தமது பெயரையும், முகாமைத்துவத்தையும், முன்பதிவு வலையமைப்பையுமே. ஒப்பந்தம் முடிந்தாலோ, பங்குகள் கைமாறினாலோ பெயர் இறங்குகிறது. விருந்தினரோ கட்டிலையும், காலைச் சாப்பாட்டையும், கதவு திறக்கும் மனிதரையும் நம்பி வந்தவர். தமக்குத் தெரியாத இருவர் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தின் காலாவதித் திகதி அவரது நம்பிக்கையின் காலாவதித் திகதியும் ஆகிவிடுகிறது.

பெயர் மாறும்போது விருந்தினரின் கண்ணுக்கு முதலில் படுவது எது? புதிய நிறம், புதிய சீருடை, அறைக் கதவில் புதிய இலச்சினை. இரண்டாம் நாள்தான் மற்றவை தெரியவரும். நான் செய்தி சேகரிக்கப் பல வருடங்கள் போய்வந்த கொழும்பு ஹோட்டல் ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். பெயர்மாற்றத்தோடு அங்கிருந்த பழைய பரிசாரகர்கள் சிலர் விலகிப் போனார்கள். எந்த நிருபர் சீனியில்லாமல் குடிப்பார், எவர் பிற்பகல் 3 மணிக்கு முன் எதையும் தொடமாட்டார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களுக்குப் பதிலாக வந்த பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் தேநீரைக் கொண்டுவருமுன், எங்கள் சேவைக்கு எத்தனை புள்ளி தருவீர்கள் என்று கேட்கும் அட்டையைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெயர் மாறியதால் நாங்கள் அங்கே போவதை நிறுத்தவில்லை. எங்களை அறிந்தவர் எவரும் அங்கே இல்லாமற்போனதால் நிறுத்தினோம். முதலாளிமார் இந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தவறுகிறார்கள்.

அவர்களது அகராதியில் ‘விசுவாசம்’ என்பது ஒரு கணக்கேட்டு எண். எத்தனை இரவு தங்கினீர், எத்தனை புள்ளி சேர்த்தீர் என்பதே அது. அந்த எண்ணுக்கு நேர்ந்த கதியையும் பார்த்தோம். 2016இல் மரியட் கம்பனி ஸ்டார்வூட் கம்பனியை வாங்கியது. 2018 ஓகஸ்டில் இரண்டினதும் புள்ளித் திட்டங்கள் ஒன்றாக்கப்பட்டன. 2019 பெப்ரவரியில் அதற்கு ‘பொன்வோய்’ என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. ஸ்டார்வூட்டில் ஆண்டுக்கணக்காகப் புள்ளி சேர்த்தவர்கள், தமக்கு இழைக்கப்பட்டதாகக் கருதிய ஏமாற்றத்தைக் குறிக்க அந்தப் பெயரையே ஒரு வினைச்சொல்லாக்கி, ‘நான் பொன்வோய் செய்யப்பட்டேன்’ என்று இணையத்தில் எழுதத் தொடங்கினார்கள். இதற்கிடையே 2018 நவம்பரில், ஸ்டார்வூட்டின் முன்பதிவுத் தரவுகளுக்குள் 2014 முதலே அந்நியர் புகுந்திருந்தமை அம்பலமாயிற்று. பெயரை விலைகொடுத்து வாங்கியவர்கள் அதனுள் ஒளிந்திருந்த நோயையும் சேர்த்தே வாங்கியிருந்தார்கள். புதிய பெயர் பழைய நோய்க்கு மருந்தாகாது.

பெயர் சூட்டுவோருக்காவது தமது பெயரில் நம்பிக்கை இருக்கிறதா? தாஜ் குழுமம் 2010இல் ‘விவாந்தா’ என்ற வர்த்தகநாமத்தை உருவாக்கியது. சென்னையின் புராதன கன்னிமாரா ஹோட்டலும், எமது பெந்தோட்டைக் கரையிலிருந்த தாஜ் எக்ஸோட்டிக்காவும் அதன்கீழ் வந்தன. பத்தாண்டுகள் நிறையுமுன் விவாந்தா இரண்டிலிருந்தும் கழற்றப்பட்டது. புனரமைப்பின் பின் 2018இல் சென்னை ஹோட்டல் மீண்டும் தாஜ் கன்னிமாராவாகத் திறந்தது. இந்த இடைக்காலம் முழுவதும் சென்னைவாசிகள் அதைக் கன்னிமாரா என்றுதான் அழைத்தார்கள். கொழும்புத் துறைமுகத்தின் முன் 1875இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலும் இடையில் தப்ரபேன் என்று பெயர் மாறி, பின்னர் பழைய பெயருக்கே திரும்பியது. மாற்றியவர்கள் களைத்துப் போனார்கள், மக்கள் மாறவேயில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. யுத்தம் முடிந்த 2009இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் ஏறத்தாழ 4 இலட்சத்து 48 ஆயிரம் பேர். 2018இல் அத்தொகை 23 இலட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு பேரை வரவேற்கப் பழுதடைந்த அறைகளைப் புதுப்பிக்க வேண்டாமா, உலகறிந்த அடையாளம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். 2007இல் ஹொலிடே இன், 1 பில்லியன் டொலர் திட்டமொன்றை அறிவித்து, உலகெங்குமுள்ள தனது 3,000க்கும் மேற்பட்ட ஹோட்டல்களைப் புதுப்பிக்கத் தொடங்கியது. கட்டில் விரிப்பு, குளியலறை, வரவேற்பு முறை யாவும் மாற்றப்பட்டன. தரத்தை எட்டாத ஹோட்டல்கள் விலக்கப்பட்டன. ஆனால் பெயர் மாறவில்லை. இலச்சினை மட்டும் புதுக்கோலம் பூண்டது. உள்ளே உள்ளதைத் திருத்திப் பெயரைக் காப்பது ஒரு வழி. உள்ளே உள்ளதை விட்டுவிட்டுப் பெயரைத் திருத்துவது இன்னொரு வழி. இரண்டாவது வழி மலிவானது. ஆகவே அதற்கே கிராக்கி அதிகம்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். உப்புவெளிக் கடற்கரையில் கிளப் ஓசியானிக் என்ற ஹோட்டல் இருந்தது. யுத்த காலத்திலும் அப்பெயரை அறியாதவர் அங்கே இல்லை. யுத்தம் முடிந்த கையோடு அது ‘சாயா புளூ’ ஆயிற்று. சில வருடங்களிலேயே ‘சாயா’ கைவிடப்பட்டு, ‘ட்ரின்கோ புளூ பை சினமன்’ ஆயிற்று. நீலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. ‘ட்ரின்கோ’ என்பது வெள்ளைக்காரர் வாய்க்குள் குறுகிப்போன திருகோணமலை. உப்புவெளி என்ற அழகிய தமிழ்ப் பெயர் கண்முன்னே இருக்க, அதை ஏறெடுத்தும் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. காலிக் கோட்டையில் நியூ ஓரியன்டல் ஹோட்டலை ஏற்று நடத்த வந்த அமன் நிறுவனம், அதற்கு ‘அமன்கல்ல’ என்று பெயரிட்டு ஊரின் பெயரையேனும் உள்ளே வைத்தது. வடக்கிலும் கிழக்கிலும் அந்த மரியாதையைக்கூட எதிர்பார்க்கலாகாதா?

புதிய பெயர்கள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து உயிர்கள் பறிக்கப்பட்டன. அந்த மூன்றும் அதே பெயர்களுடனேயே மீண்டும் கதவைத் திறந்தன. பெயரை மாற்றி அந்த நாளின் நினைவைக் கழுவிவிட முனையவில்லை. சினமன் கிராண்டும் கிங்ஸ்பரியும் ஒருகாலத்தில் ஆலோசகர் எவரோ தேர்ந்தெடுத்த வெறும் பெயர்கள்தாம். மனிதர் வாழ்ந்தும் இறந்தும் ஒரு பெயருக்குப் பொருள் கொடுத்த பின்னர், அது பங்குச்சந்தைக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. துயரத்தின்போது இதை உணர்ந்தவர்கள் இலாபத்தின்போதும் உணரவேண்டும் என்பதே என் வாதம்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஒன்று: பெயர் மாற்றும் ஹோட்டல்கள் குறைந்தது ஐந்து வருடங்களுக்குப் பழைய பெயரையும் பலகையிலும் இணையத்தளத்திலும் தெரியும்படி எழுதவேண்டும். புதிய பெயரை மட்டும் தேடுபவர் கண்ணில் பழைய முறைப்பாடுகள் படாது என்பதே சில பெயர்மாற்றங்களின் உள்நோக்கம் எனச் சந்தேகிக்க இடமுண்டு. இரண்டு: விருந்தினர் சேர்த்த சலுகைகளும் முன்பணமும் செல்லுபடியாகும் என்பதோடு, ஊழியர்களின் சேவைக்காலமும் தொடரும் என்று எழுத்தில் அறிவிக்கவேண்டும். மூன்று: ஊரின் பெயரை அந்த ஊர் மக்களின் மொழியில், அவர்கள் எழுதும் எழுத்திலேயே பலகையில் பொறிக்கவேண்டும்.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அல்ல. விடுமுறைக்குத் தாயகம் வரும் வாசகர்கள், அடுத்த முறை வரவேற்பு மேசையில் சாவியை வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த ஹோட்டலுக்கு முன்னர் என்ன பெயர்? அந்தக் காலத்தில் இங்கே வேலை செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா?” கிடைக்கும் விடையைக் கொண்டு, மறுபடி அங்கே தங்குவதா இல்லையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.