தமிழ் படிக்கத் தெரிந்த நோட்டரி வேண்டும்

நோட்டரி என்றால், கோர்ட் வாசலில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு முத்திரையும் மைப்பெட்டியுமாக உட்கார்ந்திருப்பவர், காசு கொடுத்தால் 'டப்' என்று குத்திக் கொடுப்பவர் என்றுதான் பெங்களூரில் நம்மவர்கள் பலரும் நினைத்திருக்கிறார்கள். அது அவ்வளவு லேசான பதவி அல்ல.

1952-ம் ஆண்டு நோட்டரிகள் சட்டம் 1956-ல் அமலுக்கு வந்தது. மத்திய அரசும் நியமிக்கலாம், மாநில அரசும் நியமிக்கலாம். வக்கீலாகக் குறைந்தது 10 ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு 7 ஆண்டு போதும். தொழில் நடத்தும் சான்றிதழ் 5 ஆண்டுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பும் உண்டு. முத்திரை கூட 5 சென்டிமீட்டர் வட்டமாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

இவ்வளவு பார்க்கிற விதி, வந்து நிற்கிறவனின் பாஷை இவருக்குத் தெரியுமா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. என் குறை அதுதான்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. குடும்பப் பென்ஷன் கேட்டு வரும் காகிதங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகின்றன. அவற்றில் பாதித் தொல்லை இனிஷியலால் வருவது. தமிழனுக்குத் தகப்பனார் பெயர் ஓர் எழுத்து. அது பள்ளிச் சான்றிதழில் முன்னால் நிற்கும், ஆதாரில் பின்னால் போய்விடும், சர்வீஸ் புத்தகத்தில் முழுப் பெயராக விரிந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் கேட்கிறோம். இறந்துபோன கேங்மேனின் மனைவி நோட்டரியைத் தேடி ஓடுகிறாள்.

அங்கே நடப்பது என்ன? டைப் அடிப்பவர் பழைய நகல் ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி இங்கிலீஷில் அடிக்கிறார். அந்த அம்மாள் கைநாட்டு வைக்கிறாள். "மேற்கண்டவை படித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு" என்ற வரி அடியில் தவறாமல் இருக்கிறது. யார் படித்துக் காட்டியது, எந்த பாஷையில்? மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இரண்டு பிள்ளைகள் என்று அடித்து வந்த பத்திரத்தை நானே பார்த்திருக்கிறேன். விட்டுப்போனது கட்டிக் கொடுத்த மூத்த மகள். நிலுவைத் தொகை மாதக்கணக்கில் நின்றது. போதாக்குறைக்கு, பொய்ச் சத்தியம் செய்தவள் என்ற பழியும் அந்த அம்மாள் தலையில் விழப் பார்த்தது. தமிழில் ஒரு தடவை வாசித்திருந்தால் "ஐயா, மூத்தவளை விட்டுட்டீங்களே" என்று அங்கேயே சொல்லியிருப்பாள்.

மொழிபெயர்ப்பு விஷயம் இன்னும் மோசம். ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு ஆவணத்தை மொழிபெயர்க்கவும், மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துச் சான்று தரவும் சட்டத்தின் 8-வது பிரிவு நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் நாம் கொண்டுவரும் பழைய கிரயப் பத்திரமும் வாரிசுச் சான்றும் தமிழில் இருக்கின்றன. தமிழில் ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாதவர் "சரியான மொழிபெயர்ப்பு" என்று முத்திரை குத்தினால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

யாரை நியமிப்பது என்று சிபாரிசு செய்யும்போது, மனுதாரர் அந்தப் பகுதியில் குடியிருக்கிறாரா, அந்தப் பகுதியின் வர்த்தக முக்கியத்துவம் என்ன, ஏற்கெனவே எத்தனை நோட்டரிகள் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பார்க்கச் சொல்கிறது 1956-ம் ஆண்டு விதி. அந்தப் பட்டியலோடு 'அப்பகுதி மக்களின் பாஷை' என்ற ஒன்றையும் சேர்த்தால் அரசுக்கு ஒரு காசு செலவில்லை. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் யார் குடியிருக்கிறார்கள் என்பது ஊரறிந்தது.

கர்நாடகத்தில் இருந்துகொண்டு தமிழ் கேட்கலாமா என்று சிலர் முறைப்பார்கள். கன்னடம் வேண்டாம் என்று யார் சொன்னது? கன்னடமும் தெரிந்து தமிழும் தெரிந்தவர் வேண்டும் என்கிறோம். தெலுங்கருக்கும் உருது பேசுகிறவருக்கும் இதே வசதி கிடைக்கட்டும். சென்னையில் வாழும் கன்னடிகருக்கும்தான்.

நம் வக்கீல்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. தொழிலில் 10 வருஷம் தாண்டிய தமிழர்கள் இங்கே இல்லாமல் இல்லை. நோட்டரி வேலை அந்தஸ்துக் குறைவு என்று ஒதுங்குகிறார்களோ என்னவோ! மத்திய அரசின் நோட்டரிப் பதவிக்கு 2024-லிருந்து இணையதளம் வழியாகவே மனுச் செய்ய முடிகிறது. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழா மேடையில் மாலை போடும் நேரத்தில் பாதியைச் செலவிட்டு, நாலு வக்கீல்களை மனுப் போட வைக்கலாம்.

இன்னொன்று. நோட்டரியிடம் பத்திரம் எழுதிக்கொண்டால் கல்யாணம் முடிந்தது என்று நம்பும் இளசுகள் இங்கே உண்டு. திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுத நோட்டரிக்கு அதிகாரம் இல்லை என்று 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகமே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பெற்றவர்கள் கவனிக்க வேண்டும்.

விதி மாறும்வரை நாம் காத்திருக்க முடியாது. தமிழில் வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். நோட்டரியின் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து வரிசை எண்ணைக் கேளுங்கள். கட்டண விகிதத்தை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் எழுதி வைக்க வேண்டும், வாங்கிய பணத்துக்கு ரசீது தர வேண்டும் என்பதும் விதிதான். மறுத்தால் புகார் செய்யலாம். எந்த அரசு நியமித்தது என்பது அந்த வட்ட முத்திரையிலேயே இருக்கும். மனுவை அந்த அரசுக்கே அனுப்ப வேண்டும்.