மேடையில் நின்றுபோன சொல்

சில மாதங்களுக்கு முன், மூணாறுப் பகுதிப் பள்ளி ஒன்றில் நடந்த தமிழ்ப் பேச்சுப்போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணீரென்று தொடங்கினாள். மூன்றாம் நிமிடத்தில் ஒரு சொல் நழுவியது. அதன்பின் அவளால் ஒரு வரியும் தொடர இயலவில்லை, தலைகுனிந்து இறங்கினாள். மாலையில் எஸ்டேட்டுக்குச் செல்லும் ஜீப்பில் அதே மாணவியைக் கண்டேன். ஓட்டுநர் கட்டணத்தை உயர்த்திக் கேட்டார். டீசல் விலை ஏறவில்லை என்பதையும், வண்டியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும், பக்கத்து டிவிஷன் ஜீப்பில் என்ன வாங்குகிறார்கள் என்பதையும் அவள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தாள். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே பழைய கட்டணத்தை வாங்கிக்கொண்டார்.

மேடையில் அவள் சொன்னது பிறர் எழுதிக் கொடுத்த உரை. ஜீப்பில் சொன்னவை அவளே கண்ட காரணங்கள். பள்ளி மாணவர்க்கு விவாதப் பயிற்சிக் கருத்தரங்கு நடத்துவது பற்றி ஆசிரிய நண்பர்கள் சிலர் என் கருத்தைக் கேட்டிருந்தனர். அவர்களுக்கான விடையை அந்த ஜீப்பிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

கேரளப் பள்ளிக் கலோல்சவத்தில் தமிழ்ப் பேச்சும் தமிழ்க் கவிதை ஒப்புவித்தலும் போட்டிகளாக உள்ளன. அவை தேவையானவையே. ஆயினும் அவற்றில் எதிராளி இல்லை. எனவே பிறர் சொல்வதைக் கேட்கவேண்டிய கட்டாயமும் இல்லை. விவாதத்தின் உயிர் மறுமொழியில் இருக்கிறது. 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் அமைப்பைப் பாருங்கள். அணிக்கு மூவர், ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம், முடிவில் 4 நிமிட மறுமொழி உரை. இடையில் எதிரணியினர் எழுந்து வினா எழுப்பலாம். சில தலைப்புகள் போட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அறிவிக்கப்படும். மதிப்பெண்ணில் நூற்றுக்கு 40 கருத்துக்கும், 40 பேசும் முறைக்கும், 20 உத்திக்கும் உரியவை. மனப்பாடம் செய்துவந்தவர் அங்கே முதல் வினாவிலேயே திணறுவார்.

இஃது அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவேண்டியதும் இல்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை, ஒரு கூற்றை எவ்வாறு நிறுவுவது, எங்கெங்கே பிழை நேரும் என்பதை வரிசையாக விளக்குகிறது. மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்பது அங்கே வரும் எடுத்துக்காட்டு. கண்ணில் படுவது ஆவியா பனியா என்னும் ஐயம் தீராமலே நெருப்பு உண்டெனத் துணிவது பிழை என்றும் அந்நூல் காட்டுகிறது. நாள்தோறும் மூடுபனிக்கிடையே பள்ளிக்கு நடக்கும் நம் குழந்தைகளுக்கு இதைவிட எளிய தருக்கப் பாடம் வேறு ஏது? சிவஞான சித்தியாரோ, பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்துரைத்து மறுத்த பின்னரே சுபக்கத்தில் தன் கொள்கையைச் சொல்கிறது.

ஆகவே என் கருத்து இது. வெளியூர்ப் பேச்சாளர் ஒருவரை அழைத்து, ஒருநாள் கருத்தரங்கு நடத்தி, சான்றிதழ் வழங்கிக் கலைவதால் பெரும்பயன் விளையாது. வாரம் ஒரு பாடவேளை போதும். தலைப்பு இம்மலையிலிருந்தே வரட்டும். அரிக்கொம்பனை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அந்த யானை பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. மே இறுதியில் அது கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுசென்றது. அதை இடம்பெயர்த்தது சரியா? யானைக்கு அஞ்சி இரவைக் கழித்த வீட்டுப் பிள்ளை யானைக்காகப் பேசட்டும். யானைமேல் இரக்கம் கொண்ட பிள்ளை அவ்வீட்டுக்காகப் பேசட்டும். மறுவாரம் பக்கம் மாறட்டும். ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைக்கலாம்: மறுக்கும் முன், எதிராளி சொன்னதை அவரே “ஆம், அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்பும்படி எடுத்துச் சொல்லவேண்டும்.

இரு தடைகளை நண்பர்கள் எழுப்புகின்றனர். உயர்கல்விக்கு ஆங்கிலமும் அலுவலகத்துக்கு மலையாளமும் வேண்டிய ஊரில் தமிழில் விவாதம் எதற்கு என்பது ஒன்று. நியாயமான கேள்விதான். ஆனால் காரணம் கண்டு அடுக்கும் பழக்கம் வீட்டு மொழியில்தான் முதலில் வேரூன்றும். பிறகு அதை வேறு மொழிக்குக் கொண்டுபோகலாம். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் பள்ளி மாணவர்கள் தமிழில் விவாதிக்கின்றனர். இங்கும் தமிழில் தொடங்கி, ஆண்டின் பிற்பகுதியில் அதே தலைப்புகளை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பேசவைக்கலாம். பிள்ளைகள் எதிர்த்துப் பேசப் பழகிவிடுவார்கள் என்பது மற்றொன்று. பக்கம் மாறிப் பேசிய பிள்ளை பிறர் தரப்பிலும் நியாயம் இருப்பதை அறிகிறது. காரணம் சொல்லத் தெரியாத இடத்தில்தான் குரல் உயர்கிறது.

இது வெறும் பரிசுக் கோப்பைக்கான பயிற்சி அன்று. 2015 செப்டம்பரில் இப்பிள்ளைகளின் தாய்மாரும் பாட்டிமாரும் ‘பெம்பிளை ஒருமை’ என ஒன்றுகூடி, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து, ஒன்பது நாள் மூணாற்றின் சாலையில் அமர்ந்தனர். 20 சதவீத போனஸ் அவர்கள் கோரிக்கை. அவர்களின் உறுதி பேச்சுவார்த்தைக்குக் கதவைத் திறந்தது. உள்ளே அமர்ந்தபின் காரணமும் கணக்கும் வேண்டியிருந்தன. போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து அந்த 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் 232 ரூபாய் நாட்கூலி 301 ஆயிற்று; 500 கேட்டிருந்தனர். ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்யவேண்டிய நிலை இன்றும் இருக்கிறது. அதைப் பற்றி நாளை ஓர் அறையில் பேச்சு நடக்கும்போது, இம்மலையின் பிள்ளைகள் தமக்காகத் தாமே பேசவேண்டாமா?

விருப்பமுள்ள ஆசிரியர்கள் எழுதுங்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை மலையேறி வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஆய்வு மாணவர்கள் வேறு சிலரும் இணைந்தால் இன்னும் நன்று. முதல் தலைப்பாக ஜீப் கட்டணத்தை வைத்துக்கொள்வோம். ஓட்டுநரின் பக்கம் அந்த மாணவி பேசட்டும்.