தூண்டில் சீட்டு நம் கடைகளில் கிடைக்கட்டும்



எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வருகிறவர்கள் நம் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தினால் முதலில் கேட்பது டீ, அடுத்து தண்ணீர் பாட்டில். சிலர் வண்டியில் தூண்டிலும் கொண்டு வருகிறார்கள். "அண்ணா, இங்கே எங்கே மீன் பிடிக்கலாம்? சீட்டு ஏதாவது வாங்கணுமா?" என்று நம்மிடம்தான் கேட்கிறார்கள். நாமும் ஓடைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுத்த சரக்கை நிறுக்கப் போய்விடுகிறோம்.

கை காட்டுவதில் வில்லங்கம் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் விதிகளை மீறி மீன் பிடிப்பதும் தண்ணீரில் விஷம் கலப்பதும் 1882-ம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம். ஏரி, குளம் என்றால் மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு. பொழுதுபோக்காகத் தூண்டில் போட வருகிறவருக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

நீலகிரியில் இதற்கு வெகுநாள் முன்பே வழி கண்டார்கள். 1879-லேயே அங்கே வேட்டைக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் வந்தது. வெளிநாட்டு டிரவுட் மீனைக் கொண்டுவந்து, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, தூண்டில்காரர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். பின்னாளில் மீன்வளத் துறையே உதகையில் சீட்டு வழங்கியது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கட்டணம் வேறு. ஆனால் உள்ளூர்க்காரருக்குக் குறைவு, வெளியூர்க்காரருக்குப் பல மடங்கு, ஒருநாள் மட்டும் பிடிப்பவருக்குத் தனிச் சீட்டு என்பது பெரும்பாலும் பொது வழக்கம். அந்தச் சீட்டை விற்பவர்களில் தூண்டில் புழு விற்கும் கடைக்காரரும் ஆணி, கயிறு விற்பவரும் உண்டு. அவர்களுக்குச் சிறு கமிஷனும் கிடைக்கிறது. இங்கிலாந்தில் பல ஆண்டுகள் அஞ்சலகத்திலேயே வாங்க முடிந்தது.

நமக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்பதே என் கருத்து. ஊராட்சியும் மீன்வளத் துறையும் வனத் துறையும் கலந்து பேசி, எந்த நீரில் பிடிக்கலாம், எதில் கூடாது என்று முதலில் எழுதி வைக்கட்டும். வெளியூர்க்காரருக்கு நாள் சீட்டு. மலைவாழ் மக்களுக்கு ஒரு பைசா கட்டணமும் கூடாது. மாலையில் குழம்புக்கு நாலு கெண்டை பிடிக்கிறவரிடம் போய்ச் சீட்டு கேட்பது அநியாயம். கட்டணம் பொழுதுபோக்குக்கு மட்டும். வசூலும் ஊராட்சியிலேயே தங்க வேண்டும். சீட்டை நம் கடைகளில் விற்கலாம். கமிஷன் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை, வியாபாரியாயிற்றே!

ஆனால் கமிஷன் கேட்கும் முன் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்குக்கு முன்பு, முகம் தெரியாத இரண்டு பையன்கள் என் கடையில் ஐந்து கிலோ ப்ளீச்சிங் பவுடர் கேட்டார்கள். ஐந்து கிலோ எதற்கு என்று நான் கேட்கவில்லை. நிறுத்துக் கொடுத்துக் காசை வாங்கிக் கல்லாவில் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஓடையில் விரல் நீளக் குஞ்சுகள் வரைக்கும் வெள்ளையாக மிதந்தன. குளோரின் மீனின் செவுளை அரித்து மூச்சுத் திணற வைத்துக் கொல்கிறது. தவளைக் குஞ்சும் பூச்சியும் தப்பாது. கீழே மாடு குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். நீரில் விஷம் கலந்தோ வெடி வைத்தோ மீன் பிடிப்பவருக்கு இரண்டு மாதம் வரை சிறை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம் என்று 1897-ல் வந்த மீன்வளச் சட்டம் எழுதி வைத்தது. விற்றவனைப் பற்றி அதில் பேச்சில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அறுத்துச் சமைத்த மீனை ஒன்றாகப் பொருத்தி நீந்தவிட்டார் என்று அறப்பளீஸ்வரரின் கதையைச் சொல்கிற மலை இது. ஐயாற்று மீனுக்குப் பொரி போடுகிற கையே ஓடையில் பவுடர் கொட்டலாமா?

இப்போது நான் கால் கிலோ, அரைக் கிலோவுக்கு மேல் ப்ளீச்சிங் பவுடரை அறிமுகம் இல்லாதவருக்குக் கொடுப்பதில்லை. கிணற்றுக்கு, தொட்டிக்கு என்று கேட்கிற ஊர்க்காரருக்குத் தடையில்லை. இதனால் எனக்குக் குறைந்த விற்பனை மாதம் சில நூறு ரூபாய் இருக்கும். ஆலத்தூர் நாட்டுக் கடைக்காரர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்றும், தூண்டில் சீட்டு பற்றி ஊராட்சிக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும் என்றும் வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் முன்வர வேண்டும்.