இடுப்பு வலிக்கும் மருந்து வேண்டும்

உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் குழந்தைகள் பலருக்கு மேல் ஈறெலும்பிலும் இடைவெளி இருக்கும். அதை நிரப்ப, கோரைப்பல் முளைப்பதற்கு முன், பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள் எலும்பு ஒட்டு சிகிச்சை செய்கிறார்கள். எலும்பை எடுப்பது அதே குழந்தையின் இடுப்பெலும்பு விளிம்பிலிருந்து. சிகிச்சை வாயில்தான் என்று நினைத்து வரும் பெற்றோர், மறுநாள் பிள்ளை வாயைவிட இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுவதைக் கண்டு திகைக்கிறார்கள். இதில் வியப்பில்லை. எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வலி நரம்புகள் அடர்ந்திருக்கின்றன. நடக்க இழுக்கும் தசைகள் பலவும் அந்த விளிம்பில்தான் பற்றியிருக்கின்றன. முதுகெலும்பை இணைக்க எலும்பு எடுத்துக்கொண்ட பெரியவர்களில் சிலருக்கு இந்த வலி மாதக்கணக்கில்கூட நீடிக்கிறது. ஆகவே எலும்பு எடுத்த இடத்தில் மரப்பு மருந்து செலுத்துவது மருத்துவரின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது. சிகிச்சையின் கட்டாய அங்கமாக வேண்டும்.

புபிவகெய்ன் இதற்கு நன்கு பழகிய மருந்து. காயத்தில் ஒருமுறை ஊசியாகப் போட்டால் சில மணி நேரம் வலியை அடக்கும். வலி உச்சத்தில் இருப்பதோ முதல் ஓரிரு நாள்கள். அதனால்தான் மெல்லிய குழாய் ஒன்றைக் காயத்துக்குள் வைத்துத் தையல் போட்டு, அதன் வழியே மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் முறை வந்தது. மார்ஃபின் வகை மருந்துகளை மட்டும் நம்பினால் குமட்டல், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் எல்லாம் சேர்ந்து வரும். அளவு மிஞ்சினால் மூச்சு மந்தமாகும். வாயில் புதுத் தையல் இருக்கும் குழந்தை வாந்தியெடுப்பது சின்ன விஷயமல்ல.

மரப்பு மருந்தும் நஞ்சாகலாமே என்ற அச்சம் நியாயமானது. புபிவகெய்ன் ரத்தத்தில் அதிகம் கலந்தால் வலிப்பு வரும், இதயம் நிற்கவும் கூடும். ஆனால் ஒருமுறை போடும் ஊசிக்கு உடல் எடை கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் என்ற வரம்பு தெளிவாக இருக்கிறது. 25 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 62.5 மில்லிகிராம். கணக்கிட்டுப் போட்டு, கண்காணித்து, அவசரத்துக்கு நஞ்சை முறிக்கும் கொழுப்புக் கரைசலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். குழாய் வழியே கிருமி போகும் என்பவர்களுக்கு, தூய்மையாக வைத்து ஓரிரு நாளில் எடுத்துவிடுவதே பதில். மூட்டுக்குள் தொடர்ந்து செலுத்தியபோது குருத்தெலும்பு கெட்டது உண்மைதான். இடுப்பு விளிம்புக் காயம் மூட்டு அல்ல.

இதைவிட வலுவான மறுப்பு ஆய்வுகளிலிருந்தே வருகிறது. குழாய் முறையால் நாள்பட்ட வலி குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்ல, வேறு சில எந்த வேறுபாட்டையும் காணவில்லை. ஆகவே நீண்டகாலப் பலனை யாரும் உறுதியளிக்க வேண்டாம். முதல் சில மணி நேர நிம்மதிக்கு அந்த உறுதி தேவையில்லை. குழாய் வசதி இல்லாத மருத்துவமனையிலும் ஓர் ஊசி போட முடியும். குழந்தையின் வலியைக் கவனிக்காமல் விடுவது புதிதல்ல. பச்சிளங்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, 1980-கள் வரை போதிய மருந்தின்றியே அறுத்தார்கள். 1987-இல் கே.ஜே.எஸ். ஆனந்தும் உடன் ஆய்வாளர்களும் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையை உலுக்கியது. குழந்தை அசையாமல் படுத்திருப்பதை நிம்மதி என்று இன்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வலியைப் படுக்கையில் மட்டுமின்றி, எழுந்து நாலடி நடக்கும்போதும் கேட்டு, குறிப்பேட்டில் பதிய வேண்டும். இடுப்புக்கு என்ன மருந்து, எத்தனை மணி நேரத்துக்கு என்பதை அறுவைக்கு முன்பே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.